இரண்டாவது ரேகை

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பர்வீன் அக்காவின் கைதான் தெரிகிறது.

அக்கா எங்கள் தெருதான், ஷூ கம்பெனிக்குப் போகிறவர். இன்று புது சிம் வாங்க, நான் வேலை பார்க்கும் ஆம்பூர் பஜார் கடைக்கு வந்தார். மெஷினில் கட்டைவிரலை வைத்ததும் ரேகை பதிந்துவிட்டது. நான் பார்த்தேன். ஆனால் முதலாளி, "சரியா விழல, இன்னொரு வாட்டி வைம்மா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது ரேகைக்கு அக்கா பெயரிலேயே இன்னொரு சிம் ஆக்டிவேட் ஆகும். அதை ஏமாற்றுக்காரர்கள் வாங்கிப் போய் யார் யாருக்கோ போன் போட்டுப் பணம் பறிப்பார்கள். போலீஸ் அக்காவைத் தேடி வரும்.

சட்டென்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "வேணாங்க்கா, மொத வாட்டியே விழுந்துடுச்சி."

"இன்னாம்மா, எதுக்குக் கையப் புடிக்கிற?" என்று அக்கா என் மேல்தான் எரிந்து விழுந்தார்.

முதலாளி சிரித்தபடியே சிம்மைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, "நாளைலேர்ந்து நீ வராத" என்றார்.

வேலை போனதுகூடப் பரவாயில்லை. அந்த மெஷின் என் ஐடியில் ஓடுகிறது. பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும். நாளை அவர் யாரை ஏமாற்றி ரேகை வாங்கினாலும், சிம் கொடுத்தது நான் என்றுதான் பதிவாகும்.

கடை திறப்பதற்குள் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட வேண்டும். நம்புவார்களா, தெரியவில்லை. தனியாகப் போக பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. இப்போதே எழுப்புகிறேன்.