கதவுக்கு முட்டுக் கொடுத்த சர்க்கரை மூட்டை

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டில் உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. நாலு நாளாகத் தீக்குச்சி பற்றவில்லை. துவைத்துக் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். "இந்தக் காத்தைப் பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும்டி" என்றாள் அம்மா.

பேக்கரியில் எங்கள் அறை மட்டும் வேறு உலகம். கதவை மூடினால் குளிர். மேசை காய்ந்திருக்கும், காகிதம் மொரமொரவென்று இருக்கும். அந்த ஏசி எனக்காகவோ பக்கத்து மேசை பொம்மை அண்ணனுக்காகவோ ஓடவில்லை. சர்க்கரைக்காக ஓடுகிறது, நான் செய்யும் சர்க்கரைப் பூ ஈரத்தில் தொய்ந்துவிடக் கூடாது என்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஓவன்காரர்கள் இரண்டு பேர் வெந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இங்கே நுழையக் கூடாது. வேர்வையோடு வந்தால் அறை ஈரமாகிவிடுமாம். கேக்குக்கு வேர்க்கக் கூடாது. மனுஷனுக்கு வேர்த்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

இன்று முதலாளி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் நல்ல சேதி இருக்காது.

"நவம்பர் ஒண்ணு. கல்யாணம். நாலடுக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளைப் பூ, ஓரத்துல மட்டும் ரோஸ். தோட்டத்துல வைக்கிறாங்க."

தோட்டத்தில். இந்த மழைக்காலத்தில். போன வருடமும் ஒரு தோட்டக் கேக் போனது. எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்த அக்கா, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். வெளியே எடுத்ததும் கேக் குளித்துவிட்டு வந்தது போல் நனைந்தது. சிவப்புச் சாயம் ஓடி மணப்பெண்ணின் கையுறை வரைக்கும் போனது. மறுநாள் அந்த அக்கா இல்லை. பேக்கிங்கில் டப்பா மடித்துக்கொண்டிருந்த என்னை இங்கே உட்கார வைத்தார்கள்.

"இதுவும் சொதப்புச்சுன்னா இந்த அறையே வேண்டாம்" என்றார் முதலாளி. "பிளாஸ்டிக் பூ டப்பா டப்பாவா கிடைக்குது. நீ பழையபடி பேக்கிங்குக்குப் போயிடு. இவன் வேற இடம் பாத்துக்கட்டும்."

'இவன்' என்றது பொம்மை அண்ணனை. கேக் உச்சியில் நிற்கும் சர்க்கரை மாப்பிள்ளை, பெண் செய்வது அவர் வேலை. முதலாளி போனதும், செய்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தலையைத் திருகி எடுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. சார் ஜாடை வந்துடுச்சு."

அக்டோபர் 9, வியாழன்

எனக்குச் சர்க்கரை மேல் பக்தி எல்லாம் கிடையாது. கேக்கின் மேல் போர்த்தும் ஃபாண்டன்ட்டை முக்கால்வாசிப் பேர் உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். பூவை யாரும் தின்பதே இல்லை. தின்ன முடியாததைத் தின்னும் பொருளில் செய்ய ஆள் வைத்திருக்கிற உலகம் இது.

ஆனாலும் இன்று ஒன்று நடந்தது. பூ செய்கிற கம் பேஸ்ட் என்பது வேறொன்றும் இல்லை, சர்க்கரை மாவும் முட்டை வெள்ளையும் ஒரு சிட்டிகைப் பசைத்தூளும்தான். பிசையும்போது காது மடல் மாதிரி இருக்கும். காய்ந்தால் முட்டை ஓடு. இடையில் இருக்கிற பத்து நிமிடம்தான் நமக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் இதழைத் தேய்த்துத் தேய்த்து, நாளிதழ் மேல் வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பேன். இன்று தெரிந்தது. 'ஆட்கள் தேவை' பக்கம்.

சிரிப்பு வரவில்லை. இதழைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். உள்ளே ரத்தம் ஓடுகிற மாதிரி வெளிச்சம் ஓடியது. இதை நானா செய்தேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

நாற்பது பூ முடிந்தது. ஈரம் காட்டும் கருவியில் உள்ளே நாற்பத்தைந்து, வெளியே தொண்ணூற்று ஒன்று. நடுவில் ஒரு கதவு.

அக்டோபர் 15, புதன்

நான் முட்டாள். எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லக் கூடாது.

மதியம் ஒரு மணிக்கு ஓவன் பக்கம் தட்டு விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் ஓவன்காரர்களில் பெரியவர் கால் மடங்கி மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். உதடு வெளுத்திருந்தது. சின்னவர் அட்டையால் விசிறுகிறார். விசிறி என்ன ஆகும், அங்கே காற்றே கொதிக்கிறதே. முதலாளி கடையில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யோசனை வரவில்லை. அவரை எங்கள் அறை வாசலுக்கு இழுத்து வந்து உட்கார வைத்து, கதவை விரியத் திறந்து ஒரு சர்க்கரை மூட்டையை முட்டுக் கொடுத்தேன். குளிர் அவர் முகத்தில் அடித்தது. "அம்மாடி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எதையும் திறக்கலாம் என்று தோன்றியது.

பிறகு வண்டியில் வந்த சரக்கை இறக்கக் கூப்பிட்டார்கள். பொம்மை அண்ணனும் வந்தார். திரும்பி வரும்போது மணி மூன்றரை. கதவு அப்படியே திறந்து கிடந்தது.

நாற்பது பூவும் செத்துப்போயின. நனைந்த துணி மாதிரி இதழெல்லாம் உள்ளே செருகிய கம்பியில் தொங்கின. ஒன்றைத் தொட்டேன், விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவர் கத்தக்கூட இல்லை.

"மனுஷன் மயக்கம் போட்டா தண்ணி தெளி. கதவை ஏன் திறக்கற?"

பொம்மை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் முதலாளியையே பார்த்தேன். என்னய்யா கேள்வி இது? மனுஷனை விடச் சர்க்கரை பெரிசா உனக்கு? கேட்கவில்லை. கேட்டிருக்கணும். கேட்டிருந்தா இந்நேரம் நான் எங்கே இருப்பேன்?

கடைசியாக ஒன்று. குப்பையில் போட அள்ளும்போது ஓரத்துத் தட்டைப் பார்த்தேன். நேற்று நீளக் கம்பி தீர்ந்துபோய், குட்டைக் கம்பி போட்டுப் பாதியில் விட்ட ஒன்பது மொட்டுகள் அதில் இருந்தன. மூடிய மொட்டுகள். நான்தான் மூடி வைத்தேன், சந்தேகமே இல்லை.

ஒன்பதும் மலர்ந்திருந்தன.

அக்டோபர் 16, வியாழன்

யாரும் மாற்றி வைக்கவில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டேன். பொம்மை அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் இல்லையே."

இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தது: நீளக் கம்பி இதழ் முழுவதையும் தூக்கிப் பிடிக்கும், ஈரம் ஏறியதும் கம்பிக்கு இரண்டு பக்கமும் சதை தொங்கிவிடும். குட்டைக் கம்பி பாதி வரைக்கும்தான். மேல் பாதி தானாக வெளியே சாய்கிறது. அடிப்பக்கம் தடிப்பாக இருப்பதால் ஓர் அளவுக்கு மேல் சாய்வதில்லை.

அதாவது, காற்று என் வேலையைக் கெடுக்கவில்லை. நான் மிச்சம் வைத்ததை முடித்து வைத்தது. இதை எழுதும்போதே கை மயிர் சிலிர்க்கிறது.

அக்டோபர் 18, சனி

சோதனை செய்ய ஈரமான இடம் வேண்டும். பேக்கரியில் சிங்க் அறையை மிஞ்ச முடியாது. சன்னல் இல்லை, நாள் முழுக்க வெந்நீர் ஆவி. அங்கே தட்டு கழுவும் அக்காவுக்கு எப்போதும் மழைக்காலம்தான்.

ஆறு மொட்டுகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். ஒரு மொட்டில் ஒவ்வொரு இதழும் எப்போது சாய்கிறது என்று பார்க்க வேண்டும், என்னாலோ மேசையை விட்டு நகர முடியாது.

"பாத்துக்கறேன் போ" என்றார் சிங்க் அக்கா. "ஆனா கடிகாரம் எல்லாம் கேக்காத. சோப்புத் தண்ணி பட்டு நின்னுபோய் ரெண்டு வருஷம் ஆச்சு."

சாயங்காலம் போனேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"ஏழாவது ட்ரேல மொத இதழ் அசைஞ்சுச்சு. பதினெட்டுல மூணு படுத்துச்சு. முப்பத்தொண்ணாவது ட்ரே கழுவி நிமிர்றேன், முழுசா விரிஞ்சு என்னைப் பாக்குதுடி!"

"அப்புறம்?"

"அப்புறம் அப்படியே நின்னுச்சு. நாப்பது ட்ரே வரைக்கும் பாத்தேன். நானும் நின்னேன். பின்னாடி ட்ரே மலையாக் குவிஞ்சுபோச்சு."

ட்ரேக்கு நாலு நிமிடம். முப்பத்தொரு ட்ரே என்றால் இரண்டு மணி நேரம் சொச்சம். இதைவிட நல்ல கடிகாரம் இந்தக் கட்டடத்தில் இல்லை.

"பதினோரு வருஷமா இந்த ஆவிய திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார் அக்கா. "அதுக்கு இந்த வேலையும் தெரியும்னு யாருக்குத் தெரியும்?"

அக்டோபர் 25, சனி

அறுபது மொட்டு. எல்லாம் குட்டைக் கம்பி. நுனியில் மட்டும் ரோஸ் பொடி, தண்ணீர்ச் சாயம் கிடையவே கிடையாது. முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னும் பூ ஆகலையா?" என்றார். "ஆகும் சார்" என்றேன். பொய் இல்லை.

பொம்மை அண்ணன் தாங்க முடியாமல் கேட்டார். "மழைய நம்பி வேலை செய்றியே, பைத்தியமா உனக்கு?"

"நம்பலண்ணே. இந்த மாசம் இப்படித்தான்னு தெரியும்."

"என் சோறும் அதுல இருக்கு, பாத்துக்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்ததுதான் வலிக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

வெயில்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்றும் வெயில். ஈரக் கருவி வெளியே அறுபது காட்டுகிறது. அம்மா மெத்தையை மாடியில் போட்டுவிட்டுப் பாட்டே பாடினாள். தெருவே சந்தோஷமாகத் துணி காயப்போடுகிறது. வானத்தைப் பார்த்துத் திட்டினவள் நான் ஒருத்திதான். பழைய மாதிரி நீளக் கம்பி போட்டிருந்தால் இந்த வெயிலுக்கு ராஜா மாதிரி நின்றிருக்கும். தேவையா எனக்கு இது? அறுபது மொட்டு. இரண்டு பேர் வேலை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வேனில் கேக்கைக் கொண்டுபோனோம். நான், பொம்மை அண்ணன், தூக்க ஆள் போதாமல் சிங்க் அக்கா. தோட்டத்தில் பெரிய வெள்ளைக் கூடாரம், பக்கத்துத் துணிகளையெல்லாம் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். காய்ந்த காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. அடுக்கி முடித்து, மொட்டுகளைச் செருகினேன்.

ஐந்து மணி. ஒன்றும் அசையவில்லை. "எத்தனை ட்ரே ஆச்சு?" என்றார் அக்கா. "பதினஞ்சு." ஏழிலேயே முதல் இதழ் அசைந்திருக்க வேண்டும்.

முதலாளி அப்போதுதான் வந்தார். கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூ கேட்டா மொட்டு வெச்சிருக்க?" குரலைத் தாழ்த்தினால்தான் அவர் பயங்கரம். "நாளைக்கு வர வேண்டாம். மூணு பேரும்."

"அவங்க என்ன பண்ணாங்க சார்?"

"கூட நின்னாங்கல்ல."

நான் ஏதாவது சொல்லிக் காரியத்தை இன்னும் கெடுப்பதற்குள், ஐந்தரை இருக்கும், தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, பத்து நிமிடத் தூறல். ஆனால் வேலையாட்கள் ஓடிவந்து நாலு பக்கத் துணியையும் இறக்கிக் கட்டிவிட்டார்கள். பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். முந்நூறு பேர். கட்டிப்பிடித்து, சிரித்து, கத்தி, கோட்டுக்குள் வேர்த்து, கூடாரத்துக்குள் அடைந்தார்கள். என் கழுத்தில் வேர்வை இறங்கியது. கண்ணாடித் தம்ளர்கள் மங்கின.

சிங்க் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "எங்க ரூம் மாதிரியே இருக்குடி."

அப்போது மூன்றாம் அடுக்கில் ஒரு இதழ் அசைந்தது.

அசைந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே கண்ணைக் கசக்கினேன். சாயவில்லை, விழவில்லை. தூக்கத்தில் விரல் பிரிகிற மாதிரி பிரிந்தது. பிறகு அதன் பக்கத்து இதழ். கீழே ஒன்று. பேச்சு நின்றது எப்போது என்று தெரியாது. நிமிர்ந்தால் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நிற்கிறார்கள். யாரும் கிட்ட வரவில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள். அந்த மூச்சில்தான் அது திறந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். எந்த மூச்சையும் வேர்வையையும் எங்கள் அறைக்குள் விடவே கூடாது என்று பூட்டி வைத்தார்களோ, அதே மூச்சு, அதே வேர்வை. அறுபது பூ.

ஏழு மணிக்கு மணப்பெண் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னைக்குப் பறிச்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம், ஃப்ரெஷ்" என்றார் முதலாளி.

பொம்மை அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போனார்.

கிளம்பும்போது தட்டுகளைப் பார்த்தேன். வழக்கம்போல ஃபாண்டன்ட் உரித்து ஒதுக்கப்பட்டிருந்தது. கோபம் வந்தது. ஆனால் பூக்களில் ஒன்றுகூடத் தட்டில் இல்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நவம்பர் 3, திங்கள்

மூன்று பேரும் வேலைக்குப் போனோம். யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 12, புதன்

திறக்கிற பூ வேண்டும் என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அது தன் யோசனை என்று முதலாளி அவர்களிடம் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும். ட்ரே கணக்குக் கேட்டால் முழிப்பார்.

காலையில் எங்கள் அறைக்கு வந்தவர் கதவைச் சாத்தவில்லை.

"தினம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் மத்ததையெல்லாம் டப்பால மூடிட்டுக் கதவைத் திறந்து வை. பூ சரியா திறக்குதான்னு பாத்துட்டுத்தான் அனுப்பணும். அந்த நேரம் ஓவன் ஆளுங்க, சிங்க் பொம்பளை எல்லாம் இங்க இருக்கட்டும். ஆளு இருந்தாத்தானே ஈரம் வரும்." வாசல் வரை போய்த் திரும்பினார். "பூவுக்காகத்தான் சொல்றேன். அவங்களுக்காக இல்ல."

"புரியுது சார்."

இரண்டு மணிக்கு அதே சர்க்கரை மூட்டையை முட்டுக் கொடுத்தேன். ஓவன்காரர்கள் இருவரும் மேசை ஓரத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். பெரியவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார், எதையும் தொட்டுவிடுவோமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். சிங்க் அக்கா ஈரக் கையோடு அவருக்கு எதிரே வந்து அமர்ந்தார். நடுவில் எட்டு மொட்டு.

"நல்லா மூச்சு விடுங்கண்ணே" என்றேன்.