பாப்பாத்தி தூக்காத கை

அக்ரஹாரம், மைசூர்
14-3-1992

அன்புள்ள நாச்சம்மாளுக்கு,

சொர்ணலதா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. ஹனூரில் உன் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் மஞ்சள் வெட்டி முடித்தாரா? இங்கே நாங்கள் மூவரும் சுகம். என் வீட்டுக்காரர் மறுபடியும் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். டிசம்பரில் நடந்த காவிரிக் கலவரத்தில் எங்களைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாளே பக்கத்து வீட்டு சென்னம்மா, அவள் இன்னமும் என் மகளைத் தனியாகக் கடைக்கு விடுவதில்லை. வாயைத் திறந்து கன்னடத்தில் பேசு, பேசு என்று அவளே கூடப் போகிறாள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். பாப்பாத்தி செத்துப்போய்விட்டாள். ஆமாம், அவள்தான். சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, ஜனவரியில் நம் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தவள். அவளோடு பேசியதற்காகத்தான் உனக்கு வேலை போனது.

அன்று நடந்ததில் பாதியை நீ பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன். கலவரத்துக்குப் பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கன்னடத்திலேயே பேசுங்கள், ஹாலில் எவன் உட்கார்ந்திருப்பான் என்று தெரியாது என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. உதவியாளர்கள் நாலு பேருக்கும் என்னைத் தலைவியாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது. யார் தமிழ் பேசினாலும் வேலை போய்விடும் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். நீ ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாய். "வாயத் தொறந்துட்டு பயந்து கெடக்கறவங்களுக்கு அவங்க பேச்சுல ரெண்டு வார்த்தை சொல்லாம, பொறவு எதுக்கு நாம பக்கத்துல நிக்கறது?" என்று கேட்டாய். இங்கே தலைவி நீயா நானா என்று உன் வாயை அடைத்தேன்.

அன்றைக்குப் பாப்பாத்திக்குக் கீழே இரண்டு கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டார். வழக்கமாகச் சொல்வதைக் கன்னடத்தில் சொன்னேன், "நோவாத்ரே எடகை எத்தி", வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று. புரியவில்லையோ என்று என் இடது கையைத் தூக்கியும் காட்டினேன். வலது பக்கம் டாக்டர் நிற்பார், அந்தக் கையைத் தூக்கினால் குறட்டில் இடிக்கும், அதனால்தானே இடது கை என்கிறோம். அவள் தலையாட்டினாள். டாக்டர் பல்லைக் குறட்டால் பிடித்து அசைத்தார். கை எழவில்லை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. கால் விரல்கள் மடங்கி இறுகின. ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன் நாச்சம்மா, பயத்தில் வரும் கண்ணீர் எது, வலியில் வருவது எது என்று எனக்குத் தெரியாதா? ஊசி வேலை செய்யவில்லை. நிறுத்துங்கள் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஹாலைப் பற்றி யோசித்துக்கொண்டு விளக்கைப் பிடித்தபடி நின்றேன். பாவி.

சாமான் கழுவிக்கொண்டிருந்த நீதான் ஈரக்கையோடு வந்து அவள் கையைப் பிடித்தாய். "அக்கா, வலிக்குதுங்களா? எந்தக் கையானாலும் தூக்குங்க, ஒண்ணும் தப்பில்லீங்க" என்றாய். அப்போதுதான் அவள் கத்தினாள். டாக்டர் நிறுத்தி இன்னொரு ஊசி போட்டார். அதற்குள் ஹாலில் எவனோ தமிழா, தமிழா என்று சத்தம் போட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான். யார் பேசியது என்று டாக்டர் கேட்டபோது நீ வாய் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார், இவள்தான் கேட்கவில்லை என்றேன். நீ கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாய். உனக்குத் திமிர் என்று கூட வேலை பார்க்கும் ரூபாவிடமும் சுசித்ராவிடமும் சொல்லி வேறு வைத்தேன்.

ஒரு பல்தான் அன்று எடுத்தோம். அடுத்ததற்கு அவள் வரவே இல்லை. போன மாதம் முகம் வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு முட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டே நாள்தான் இருந்தாள். அவள் புருஷன் சுப்பையா வந்து சொன்னார். ஏன் இங்கே கூட்டி வரவில்லை என்று கேட்டேன். அந்த நாற்காலியை நினைத்தாலே நடுங்கினாளாம். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னேனே என்றேன். "அவ்வளவு பெரியவரு முன்னால எடது கையத் தூக்கறதாங்க? அவளுக்கு மனசு வல்லீங்க" என்றார். ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் எந்தக் கையானாலும் தப்பில்லை என்று நீ சொல்வதை வெட்டிப் பேச்சு என்று சிரித்தவள் நான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியது தன் தப்பு என்றார். இப்போது யார் வந்தாலும் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று முதலில் கேட்கிறோம். ரூபா 'வலிக்குதா' என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், கேட்டால் சிரிப்பு வரும். எங்களில் யார் நிறுத்தச் சொன்னாலும் டாக்டர் நிறுத்துகிறார். தலைமை எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இனி எழுதப்போவதை மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். சுப்பையாவிடம் நான் தமிழில் பேசினேன் அல்லவா, உடனே அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நீங்கதானுங்களா அது? ஒரு அக்கா தமிழ்ல பேசி கையப் புடிச்சுதுன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாளுங்க" என்று அழுதார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே கட்டுகிற மாடியில்தான் அவருக்கு வேலை. தினம் காலையில் சாரத்தின் மேலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நான் இப்போது பின்வாசல் வழியாக வந்துபோகிறேன்.

யுகாதிக்குள் வேலை முடிந்து அவர் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவார். நீ வந்தாலும் வராவிட்டாலும் அதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் முதலில் எழுதினேன். அது பொய். நீ பக்கத்தில் நிற்காமல் எனக்கு அந்தத் தைரியம் வராது. என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசக்கூட வேண்டாம். அந்தக் கும்பிடு உன்னுடையது. ஒரே ஒரு நாள் வந்து வாங்கிக்கொள்.

நீயும் அம்மாவும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
சொர்ணலதா