என் கணவரைப் பனிமலையிடமிருந்து பதினைந்து நாள் மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
திருமதி ஏ. ஜெயமேரி,
க/பெ. ஏசுராஜ்,
மாதா கோயில் தெரு, கொட்டச்சேடு,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சோன்காட் நீர்மின் நிலையம்,
இமாசலப் பிரதேசம்.

பொருள்: பனி அளவைப் பணியாளர் ஏசுராஜுக்கு மறுக்கப்பட்ட விடுப்பை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர் என்று என் கணவர் சொன்னதால் தைரியமாகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. என் கணவர் இங்கே காப்பி எஸ்டேட்டில் மழைமானி பார்த்தவர். அந்தப் பழக்கத்தால்தான் தங்களிடம் வேலை கிடைத்தது. ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனிப்பாறையில் கம்புகளை நட்டு, பனி உருக உருகக் கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து சொல்கிறார். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை.

2. மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் மகள் ஷீனாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குக் கேட்ட விடுப்பு, உருகும் காலத்தில் அளவு விடுபடக் கூடாது என்று மறுக்கப்பட்டது. காரணம் எனக்கும் தெரியும். பனி சுருங்கத் தொடங்கியபோது வெள்ளமாக வந்த தண்ணீர் இப்போது வற்றி வருகிறதாம். ஐப்பசி வரை ஓடிய மூன்று இயந்திரங்களில் ஒன்றைப் புரட்டாசியிலேயே நிறுத்திவிடுகிறீர்களாம். மிச்சப் பனி எவ்வளவு என்று தெரிந்தால்தானே மின்சாரத்துக்குத் திட்டம் போட முடியும்.

3. ஐயா, நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. போன வருடம் டைபாய்டு வந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது அவர் போனில் சொன்னது இது: "ஏம்புள்ள, பனி நொம்ப எளச்சுப் போச்சு. இந்த நெலமையில எப்புடி உட்டுட்டு வரது?" நானும் அன்று இளைத்துத்தான் கிடந்தேன். அவர் போனில் அந்தப் பனியின் படம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நான் இருக்கும் படம் எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான், அதிலும் பாதி முகம்.

4. எதிர்வீட்டு மல்லிகாவின் கணவர் பஸ் ஓட்டுகிறார். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் மல்லிகாவோடு ஒரு வாய் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். பனியோடு எப்படிச் சண்டை போடுவது?

5. அது சுருங்குகிறது என்று கேள்விப்பட்டபோது, தொலையட்டும் என்று போனிலேயே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது போச்சுன்னா ஆத்துல தண்ணி ஏது? அத்தன ஊட்டுக்குக் கரண்டு ஏது? எனக்கு வேலதான் ஏது?" என்றார். அன்று முதல் அது நன்றாக இருக்க வேண்டும் என்று நானே ஜெபமாலை சொல்ல வேண்டியதாயிற்று. சக்களத்தியின் ஆயுசுக்கு வேண்டிக்கொள்ளும் பெண்டாட்டி இந்தச் சேர்வராயன் மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

6. எங்கள் வீட்டு வாசல் நிலையில் ஷீனாவின் உயரத்தை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர்தான் பேனாக்கத்தியால் கீறி வைப்பார். அப்பாதான் கீற வேண்டும் என்று அவள் வேறு யாரையும் விடுவதில்லை. போன வருடக் கோடு விடுபட்டுப் போயிற்று. இந்த ஈஸ்டர் அன்றும் பூசை முடிந்து வந்து, புது உடுப்போடு நிலையில் சாய்ந்து நின்றாள். வெகுநேரம் கழித்து, "ஏம்மா, அப்பா பனிய மட்டுந்தான் அளப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஆகவே, என் கணவருக்குப் பதினைந்து நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உடன் வேலை பார்க்கும், எங்கள் மலையிலேயே செம்மநத்தம் ஊர்க்காரரான சக்திவேல் அந்த நாட்களில் கம்புகளை அளக்கச் சம்மதித்திருக்கிறார். விடுப்பு முடிந்ததும் நானே சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றி அனுப்பி வைக்கிறேன், அந்தப் பனியிடமே. போன வருடக் கோடு போனது போனதுதான். இந்த வருடக் கோடாவது அவர் கையால் விழத் தாங்கள் மனது வைக்க வேண்டும். அதுவரை பிள்ளை மேற்கொண்டு வளர்ந்துவிடாமல் நிறுத்தி வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஏ. ஜெயமேரி)

இடம்: கொட்டச்சேடு
நாள்: 28.04.2025