இழுக்கிற மூச்சில் வரும் குரல்

பட்டாபிராம்
16.2.2025

ஜாஸ்லின் அப்பாவுக்கு, மரியே வாழ்க.

இங்க எல்லாரும் சொகம். மாடி டேங்கு ஒழுகுது. கொத்தனாரு தசரதன் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்துகினு கீறாரு. அவரு பொண்ணு வளைகாப்புக்குப் போனேன், புளிசாதத்துல உப்பு ஜாஸ்தி. அது கெடக்கட்டும்.

பொங்கல்லேர்ந்து நீங்க போன் பண்ணல. நான் பண்ணா கட் பண்றீங்க. அதான் கடுதாசி. நீங்க ஆஸ்திரேலியா போன நாள்லேர்ந்து சாயங்காலம் போன்லதான ஜெபமாலை சொல்லுவோம்? முதல் பாதி நீங்க, ரெண்டாம் பாதி நான். இப்ப என் பாதிய மட்டும் சொவுத்தப் பாத்து சொல்லிகினு கீறேன்.

அங்க வேற ஒருத்தி இருக்காளா? இருந்தா சொல்லிடுங்க. நான் நூம்பல்ல அண்ணன் ஊட்டுக்குப் போயிடுறேன்.

சகாயம்மாள்


பிரிஸ்பேன்
3.3.2025

அன்பு சகாயம்,

அப்படி ஒண்ணுமில்ல. போன் ரிப்பேர்.

நான் வேலை செய்யிற மிருக ஆஸ்பத்திரில, கார்ல அடிபட்டு வந்த ஒரு கோலா கரடி செத்துப்போச்சு. வயித்துப் பையில குட்டி வளக்கிற ஜாதி. ஆளு நாய்க்குட்டி சைசு, கத்துனா ஆவடில பட்டாள டேங்கு வண்டி கெளம்புற மாதிரி இருக்கும். டாக்டரம்மா தொண்டைய அறுத்துக் காட்டுனாங்க. குரல்வளை நம்மள மாதிரிதான். அதுக்கு மேல, மூக்கு வழி தொண்டையில எறங்குற எடத்துல, தனியா ரெண்டு தடிச்ச சதை மடிப்பு. மூச்ச உள்ள இழுக்கசொல்ல அது அதிருது. அந்த அடிக்குரல் அங்கேர்ந்துதான் வருது.

மனுசனுக்கு அது இல்ல. பாத்துகினே நின்னேன்.

அருள்தாஸ்


பட்டாபிராம்
17.3.2025

ஜாஸ்லின் அப்பாவுக்கு,

கோலா தொண்டையப் பத்தி ஒரு பக்கம். என்கூடப் பேச ஒரு வார்த்தை இல்ல. போன் ரிப்பேர்னா ஜாஸ்லினுக்கு டெய்லி குட்மார்னிங் படம் எப்படி வருது?

பெட்டி கட்டிட்டேன்.

சகாயம்மாள்


பிரிஸ்பேன்
30.3.2025

சகாயம்,

பெட்டியப் பிரி.

தொண்டையில கட்டி. கேன்சர். பொங்கல் கழிச்சு குரல்வளையவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா மூச்சு. நோய் போச்சுன்றாங்க. குரலும் போச்சு. நீ போன்ல "இன்னாங்க"ன்னு கேப்ப. நான் இன்னா பண்ணுவேன்? அந்த பயத்துல கட் பண்ணேன்.

அருள்தாஸ்


பட்டாபிராம்
12.4.2025

ஜாஸ்லின் அப்பாவுக்கு, மரியே வாழ்க.

தசரதன் வந்து டேங்க அடைச்சிட்டாரு. அவரு நின்னுகினு இருக்கசொல்லவே உங்க கடுதாசி வந்துச்சு. படிக்கிறதப் பாத்துட்டு கூலிகூட கேக்காம போயிட்டாரு.

பெட்டியப் பிரிச்சிட்டேன். கோவம் போவல. ஆபரேசன் ரூம் வாசல்ல நான் இல்லாம போயிட்டேனே.

இது கெடைச்சதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் கூப்பிடுறேன். கட் பண்ணாதீங்க. இனிமே ஜெபமாலைல முதல் பாதி நான் சொல்றேன். உங்க பாதி வரசொல்ல கழுத்துகிட்ட போன வெச்சு மூச்ச உள்ள இழுங்க.

எனக்குக் கேக்கும்.

சகாயம்