அஞ்சலைக்கு டபுள் புரமோஷன்

14-6-1958, சனி. திண்டிவனம்.

என்னிடம் டியூஷன் படிக்கும் அஞ்சலைக்கு நான்காம் வகுப்பிலேயே கணக்குச் சலித்துவிட்டது. ஐந்தைத் தாண்டி ஆறில் சேர்க்கும்படி நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் நான்தான் சிபாரிசு செய்தேன். "வளர்ந்த நாற்றை நாற்றங்காலிலேயே விடலாமா?" என்று அவள் அப்பா கோவிந்தனுக்கும் எடுத்துச் சொன்னேன்.

இன்று அவர் ஒரு பை மல்லாட்டையோடு (வேர்க்கடலை) வந்தார்.

"ஒரு வருசம் மிச்சங்க வாத்தியாரே! எட்டு முடிஞ்சதும் அவ மாமனுக்கே கட்டிக் குடுத்துட்றேன்."

"அப்போது பன்னிரண்டு வயதுதானே ஆகும்?"

"நாத்து முத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று சிரித்தார்.



திங்கட்கிழமை சிபாரிசைத் திரும்பப் பெற்றால் அவளுக்குப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். ஆனால் ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிட்டாளாம். அவளிடம் என்ன காரணம் சொல்வேன்?