சாய்ந்துபோன கூட்டல் குறி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறாயா?

வெள்ளிக்கிழமை கிளம்ப முடியாது. சின்னத் தகராறுதான், பயப்படாதே. நம் சர்க்யூட் போர்டுப் படத்தில் ஒவ்வொரு துளை அளவுக்கும் ஒரு குறி உண்டு. கூட்டல் என்றால் சின்னத் துளை, பெருக்கல் என்றால் பெரியது. டிசைனர் ஒரு பாகத்தைச் சாய்த்து வைத்தான். அதோடு ஒட்டியிருந்த கூட்டலும் சாய்ந்து பெருக்கலாகிவிட்டது. ஐந்நூறு போர்டிலும் பெரிய துளை விழுந்து, அப்பன் செருப்புக்குள் பிள்ளை கால் போலப் பாகம் ஆடுகிறது.

"நான் கூட்டல்தாண்ணே போட்டேன்" என்கிறான் டிசைனர். "படத்துல பெருக்கல் இருக்கு, நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?" என்கிறார் துளை போடுகிறவர். இரண்டும் நிஜம். யாரைத் திட்டுவது? எரிச்சல்தான் மிச்சம்.

கணினியில் சேர்த்து வைத்திருக்கும் முந்நூறு பாகங்களின் படங்களிலும் குறியை எடுத்துவிட்டு எழுத்துப் போடுகிறோம். எழுத்தைச் சாய்த்தாலும் அது அதே எழுத்துதான். நான் கூடவே நிற்காவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள். மறுபடி இதே கூத்து.

சனிக்கிழமை ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னவன் நான்தான். நான் வரவில்லை என்று தள்ளிப்போடாதே, உன் தம்பியோடு போ. கண்ணுக்கு மேலே குறி போடுவார்கள். அதை மட்டும் நம்பிவிடாதே. படுக்கும் முன் "இடது கண்ணுங்க" என்று வாய்விட்டுச் சொல்.

முடிந்ததும் நீயே போன் பண்ணு. தம்பி சொன்னால் எனக்குப் போதாது.

டிசைனர் கூப்பிடுகிறான்.

உன் வீட்டுக்காரன்