கயலுக்குக் காது குத்து

ஆவணி 9, புதன்

காலையிலிருந்து புழுக்கம். துணி காயவில்லை. கயலுக்குக் கஞ்சி ஊட்டியே பாதிப் பொழுது. நீர்த்திருந்தால் புரையேறுகிறது, கெட்டியானால் நாக்கிலேயே நிற்கிறது. நடந்த பிள்ளை, பேசிய பிள்ளை. ஒவ்வொன்றாகப் போனது. குரல் கேட்டது தைப்பொங்கலோடு சரி.

அத்தை ஆரம்பித்தார். அப்பாவின் அக்கா, இப்போது மாமியார். "இந்தப் புள்ளைக்கு எதுக்குடி இப்ப காது குத்து? நோவப் பண்ணி என்னத்த பாக்கப் போற?"

"தோடு போட்டுப் பாக்கப் போறேன் அத்த."

மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டியது. ஆஸ்பத்திரி அலைச்சலில் தள்ளிப்போனது. எனக்கும் அவருக்கும் ரத்தத்தில் ஒரே குறையாம், மகளுக்கு இரண்டும் சேர்ந்து மூளை நரம்பு தேய்கிறதாம். மருந்து இல்லை என்றார் புதுச்சேரி டாக்டர். காது குத்தலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

ஆவணி 11, வெள்ளி

மழை. வாங்க: வலிப்பு மருந்து, பட்டுப்பாவாடை, காப்பரிசிக்கு வெல்லம்.

பூவத்திலிருந்து அண்ணன் போன். "மடியில வச்சிருக்கப்ப வலிப்பு வந்துட்டா? ஒம் புருஷனே வச்சுக்கட்டுமே."

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தா! "அரிசி மூட்டைய மடியில வச்சுப் பழகிட்டு வா" என்று போனை வைத்தேன். பிறகு அழுகை. கோபத்தில்தான். இவள் எத்தனை நாள் என்று ஆளாளுக்கு மனக்கணக்கு. போடட்டும். நாள் குறைவென்றால் எல்லாவற்றையும் சீக்கிரம் செய்ய வேண்டியதுதான்.

ஆவணி 13, ஞாயிறு

அய்யனார் கோயில். மப்பு, நல்லவேளை வெயில் இல்லை. அண்ணன் வந்துவிட்டான். அண்ணிக்கு ஒரே சிரிப்பு: "ரெண்டு நாளா தலவாணிய மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு."

கயலின் கழுத்தை முழங்கையில் சரியாகத் தாங்கினான். இன்னொரு கையால் கால்களை அணைத்துக்கொண்டான். விடவில்லை.

காது குத்த வந்த பத்தர் கம்பியை எடுத்தார், குத்தினார்.

அழுதாள். சத்தமாக. பொங்கலுக்குப் பிறகு யாருமே கேட்காத குரல். வலித்தால் அழத் தெரிகிறது என் மகளுக்கு. கூட்டம் உச்சுக்கொட்டியது. அத்தை பதறி, "போதும், விட்டுருங்க!"

பத்தர் என்னைப் பார்த்தார். "ஒண்ணோட நிறுத்திக்குவமாம்மா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக.

"இன்னொரு காது இருக்குல்ல? குத்துங்க."